ஒரு மருத்துவமனை நல்லதா என்று எப்படித் தெரியும்? வேலூரிலிருந்து ஒரு விளக்கம்

ஒன்றிய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வெளியாகும் நாளில் வேலூர்க்காரர்களுக்குப் பெருமை தாங்காது. மருத்துவக் கல்லூரிகளின் பட்டியலில் இங்குள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) பல ஆண்டுகளாக நாட்டிலேயே மூன்றாம் இடத்தில் நிற்கிறது. செய்தியைப் படிப்பவர்களில் பலர் இதைச் சிகிச்சையில் மூன்றாம் இடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியல் கல்வி நிறுவனங்களுக்கானது. ஆசிரியர் எண்ணிக்கை, ஆராய்ச்சிக் கட்டுரைகள், பட்டம் பெற்று வெளியேறுவோர், எல்லாத் தரப்பு மாணவர்களுக்கும் இடம் இருக்கிறதா, துறை சார்ந்தவர்களிடம் உள்ள மதிப்பு ஆகியவைதான் அதன் அளவுகோல்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்குப் புண்ணில் சீழ் பிடித்தது என்ற கேள்வி அதில் வராது.

இதே குழப்பம் இன்னொரு செய்தியிலும் உண்டு. 'சுகாதாரச் சேவையின் தரத்தையும் சமநீதியையும் அளப்பதில் வாழ்நாள் பங்களிப்பு' என்று ஒரு மருத்துவருக்கு விருது கொடுக்கப்பட்டதாக எப்போதாவது படிக்கிறோம். புது மருந்து கண்டுபிடித்தாரா, அரிய அறுவைச் சிகிச்சை செய்தாரா என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. வாழ்நாள் முழுக்க அவர் எண்ணிக்கொண்டிருந்திருப்பார். ஒரு மருத்துவர் ஏன் அதற்குத் தன் வாழ்நாளைக் கொடுக்க வேண்டும், அந்த எண்ணிக்கையால் யாருக்கு என்ன பயன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இந்த வேலை பல பத்தாண்டுகளாக நடந்துவருவதால் உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

தரம் என்பதில் மூன்று அடுக்குகள்

பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அவேதிஸ் டொனபேடியன் என்ற மருத்துவர் 1966-ல் எழுதிய ஒரு கட்டுரைதான் இன்றும் இந்தத் துறையின் அஸ்திவாரம். மருத்துவத்தின் தரத்தை மூன்று இடங்களில் அளக்கலாம் என்றார் அவர். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பிரசவத்தை வைத்துப் பார்ப்போம்.

1. கட்டமைப்பு. பிரசவ அறை, தண்ணீர், மின்சாரம், இரவுப் பணியில் செவிலியர், கிடங்கில் மருந்து, கூப்பிட்டால் வரும் 108 வண்டி.

2. செயல்முறை. இருப்பதை வைத்துச் செய்ய வேண்டியதைச் செய்தார்களா? வந்தவுடன் ரத்த அழுத்தம் பார்த்தார்களா? குழந்தை பிறந்த அடுத்த நிமிடமே ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி போட்டார்களா?

3. விளைவு. தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்களா?

மூன்றுக்கும் தனித்தனிக் குறைகள் உண்டு. கட்டமைப்பை அளப்பது எளிது, ஆனால் பளபளக்கும் கட்டடத்தில் கைகழுவாத மருத்துவரும் இருக்க முடியும். விளைவுதான் மக்களுக்கு முக்கியம், ஆனால் விளைவை நிர்ணயிப்பது மருத்துவம் மட்டும் இல்லை. நோயாளியின் வயது, வறுமை, எவ்வளவு தாமதமாக வந்தார் என்பதெல்லாம் அதில் கலந்திருக்கும். செயல்முறை நடுவில் நிற்கிறது. அதைப் பதிவேட்டிலிருந்து எடுக்கலாம், ஆனால் பதிவேட்டில் எழுதியதும் கட்டிலருகே நடந்ததும் ஒன்றா என்ற சந்தேகம் தீராது.

மருத்துவமனை வாசலில் மாட்டியிருக்கும் என்.ஏ.பி.எச்., என்.க்யூ.ஏ.எஸ். என்ற தேசியத் தரச் சான்றிதழ்களில் கனம் பெரும்பாலும் முதல் இரண்டு அடுக்குகளில்தான். அவை பயனற்றவை என்று சொல்லவில்லை. தீயணைப்பு வசதி இருக்கிறதா, மருந்துச் சீட்டு புரியும்படி எழுதப்படுகிறதா என்று யாராவது வந்து பார்ப்பது நல்லதுதான். ஆனால் அந்தச் சான்றிதழைப் பார்த்து 'இங்கே பிழைப்போம்' என்று முடிவுகட்ட முடியாது.

அமெரிக்க மருத்துவக் கழகம் ஒன்று 2001-ல் நல்ல மருத்துவத்துக்கு ஆறு இலக்கணங்களை வகுத்தது: பாதுகாப்பு, பலன், நோயாளியின் விருப்பத்தை மதித்தல், காலம் தவறாமை, வீண்செலவின்மை, சமநீதி. ஆறாவது தனியாக நிற்கும் பொருள் இல்லை என்பது என் கருத்து. முதல் ஐந்தும் யாருக்குக் கிடைக்கின்றன என்று கேட்கும் கேள்விதான் அது.

தரம் என்றால் நிறையச் செய்வது என்றும் பொருளில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9% பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36%, தனியாரில் 63.8%. நாட்டின் சராசரி 21.5%. தேவைப்பட்டவருக்குச் சிசேரியன் கிடைக்காமல் போனால் அது உயிர்க்கொலைக்குச் சமம். தேவையில்லாதவருக்குச் செய்தாலும் அது தரக்குறைவுதான். இரண்டும் ஒரே மாவட்டத்தில், ஒரே மாதத்தில் நடக்கலாம். விகிதத்தை மட்டும் பார்த்தால் ஒன்று இன்னொன்றை மறைத்துவிடும்.

கோட்டுக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

பின்னத்தில் கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று பள்ளியில் படித்திருப்போம். மருத்துவத்தை அளப்பவரின் பாதி உழைப்பு இந்தப் பகுதியைத் தேடுவதிலேயே போகிறது. இத்தனை பேர் இறந்தார்கள் என்பது தொகுதி. எத்தனை பேரில் என்பது பகுதி. மருத்துவமனைக்குள் உட்கார்ந்து எண்ணினால் பகுதியில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். வராமலே போனவர்கள் கணக்கில் இல்லவே இல்லை.

வேலூருக்குத் தெற்கே உள்ள கணியம்பாடி ஒன்றியம் இங்கேதான் முக்கியமாகிறது. சி.எம்.சி.யின் சமுதாய மருத்துவத் துறை பாகாயத்தில் மருத்துவமனை வைத்துக்கொண்டு, ஒன்றியத்தின் கிராமங்களில் ஒவ்வொரு வீட்டையும் பதிவுசெய்துவந்தது. ஊருக்கு ஒரு பகுதிநேரப் பெண் பணியாளர், அவருக்கு மேல் பல ஊர்களைப் பார்க்கும் சுகாதார உதவியாளர், அவருக்கு மேல் செவிலியர், பிறகு மருத்துவர் என நாலடுக்கு ஏற்பாடு. கருவுற்றவர், பிறந்த குழந்தை, இறந்தவர் எல்லாம் கீழ்மட்டத்திலிருந்து பதிவாகி மேலே வரும். ஒரு மரணம் நேர்ந்தால் வீட்டுக்கே போய் உறவினர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பேசி என்ன நடந்தது என்று விசாரித்து எழுதுவார்கள். மருத்துவச் சான்றிதழ் இல்லாத ஊரில் இறப்பின் காரணத்தை அறிய இதைவிட்டால் வேறு வழி குறைவு.

இந்தப் பொறுமையான எண்ணிக்கையில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று வெளிப்பட்டது. 1994 முதல் 1999 வரையிலான மரணங்களை ஆராய்ந்து 2003-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரையின்படி, கணியம்பாடியில் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்கு 95.2. காவல்துறைப் பதிவுகளை வைத்துச் சொல்லப்பட்ட தேசிய விகிதம் அப்போது 11-ஐ ஒட்டித்தான் இருந்தது. அடுத்த ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை 10 முதல் 19 வயதுள்ளவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது. பெண் பிள்ளைகளில் லட்சத்துக்கு 148, ஆண் பிள்ளைகளில் 58. அந்த வயதில் இறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறந்திருந்தார்கள்.

இந்த மரணங்கள் புதிதாக முளைத்தவை இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. வயிற்றுவலியால் போனாள், காய்ச்சலால் போனாள் என்று எழுதப்பட்டோ, எங்கும் எழுதப்படாமலோ இருந்தன. வழக்கு வரும், குடும்பப் பெயர் கெடும் என்ற அச்சம் அவற்றைக் காவல் நிலையத்துக்குப் போகவிடவில்லை. மாதாமாதம் வீட்டுக்கு வந்துபோகும் பெண்ணிடம் மட்டும் உண்மை சொல்லப்பட்டது. நோய் இருப்பதே தெரியாவிட்டால் அதற்குச் சேவையும் கிடையாது. வளரிளம் பெண்களின் மனநலம் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று பேச இந்த எண்கள் தேவைப்பட்டன. (மனம் தளர்ந்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணையோ, ஒன்றிய அரசின் 14416 என்ற எண்ணையோ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.)

கடிகாரம் எங்கே ஓடத் தொடங்குகிறது?

2023 மே மாதம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலைப் பகுதியில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. ஊர்வரை வண்டி போகச் சாலை இல்லாததால், திரும்பும்போது தாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறி நடந்தார். தமிழ்நாடே அந்தப் படத்தைப் பார்த்தது.

அந்த மாதம் பாம்புக்கடிக்குச் சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனை தன் தரத்தை அளப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான அளவுகோல், நோயாளி வாசலுக்குள் வந்ததிலிருந்து விஷமுறிவு மருந்து ஏற எத்தனை நிமிடம் ஆனது என்பது. அந்தக் கணக்கில் அது முழு மதிப்பெண் வாங்கலாம். அதில் பொய் எதுவும் இல்லை. வாசலுக்கே வராத பிள்ளை அந்தக் கணக்கில் நுழையவில்லை, அவ்வளவுதான். கடித்த நிமிடத்திலிருந்து மருந்து ஏறிய நிமிடம் வரை அளந்தால்தான் சாலை, வண்டி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருப்பு எல்லாம் மருத்துவத் தரத்தின் பகுதிகளாகத் தெரியவரும். சமநீதியை அளக்கும் மருத்துவர் கடிகாரத்தை மருத்துவமனை வாசலிலிருந்து எடுத்து நோயாளியின் வீட்டு வாசலில் வைக்கிறார். இந்தத் துறையின் சாரம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கடிகாரம் நிற்கும் இடமும் அதே அளவு முக்கியம். நம் ஊர்களில் உயிர் பிரியும் நேரம் நெருங்கினால் 'வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம்' என்று கேட்டு அழைத்துப்போவது வழக்கம். வீட்டில் உயிர் போக வேண்டும் என்ற விருப்பமும் உண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவின் செலவு தாங்காததும் உண்டு. அப்படிப் போனவர் மறுநாள் இறந்தாலும் மருத்துவமனையின் இறப்புக் கணக்கில் வரமாட்டார். மேல்சிகிச்சைக்கு என்று வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவரும் அப்படியே. அதனால்தான் ஆய்வாளர்கள் கட்டிலில் இறந்தவர்களை மட்டும் எண்ணாமல், சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் கழித்து உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கச் சொல்கிறார்கள்.

இரண்டு மருத்துவமனைகள்: ஒரு கற்பனைக் கணக்கு

ஓர் ஊரில் சிறிய மருத்துவமனையும் பெரிய மருத்துவமனையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இரண்டிலும் தலா 1,000 பேர் சேர்கிறார்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

சிறியதில் 900 பேர் லேசான நோயாளிகள், அவர்களில் 9 பேர் இறக்கிறார்கள்: 1%. கடுமையான நோயாளிகள் 100 பேர், அவர்களில் 30 பேர் இறக்கிறார்கள்: 30%. மொத்தம் 39 மரணம், அதாவது 3.9%.

பெரியதில் 200 பேர் லேசானவர்கள், ஒருவர் இறக்கிறார்: 0.5%. கடுமையானவர்கள் 800 பேர், 160 பேர் இறக்கிறார்கள்: 20%. மொத்தம் 161 மரணம், அதாவது 16.1%.

மொத்த எண்ணைத் தலைப்புச் செய்தியாகப் போட்டால் பெரிய மருத்துவமனையில் நான்கு மடங்கு ஆபத்து என்று தோன்றும். உண்மையில் லேசான நோயாளிக்கும் கடுமையான நோயாளிக்கும் அதுவே நல்ல இடம். மற்றவர்கள் கைவிட்டவர்கள் எல்லாம் அங்கே வந்து சேர்வதால் மொத்தம் ஏறுகிறது. வந்தவர்களின் நோய் எவ்வளவு கடுமையானது என்பதைக் கணக்கில் கொண்டு திருத்திய பிறகே இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிட வேண்டும். பூச்சிமருந்து குடித்தவர், விபத்தில் சிக்கியவர், இன்னொரு மருத்துவமனையிலிருந்து கடைசி நேரத்தில் அனுப்பப்பட்டவர் என வரும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களைத் திருத்தாத எண்ணை வைத்து எடைபோடுவது பெரும் அநியாயம்.

இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் எண்களை வெளியிட்டால் இன்னொரு கெடுதலும் உண்டு. பெயர் கெட்டுவிடும் என்று பயந்து கடுமையான நோயாளிகளைச் சேர்க்கத் தயங்குவார்கள். ஏழை நோயாளி தாமதமாகத்தான் வருவார், கடுமையான நிலையில்தான் வருவார். ஆகவே முதலில் கதவு சாத்தப்படுவது அவருக்குத்தான். தவறாக அளந்தால், அளவே அநீதிக்குக் கருவியாகிவிடும்.

சராசரிக்குள் மறைந்திருப்பவர்கள்

2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 1 லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். நாட்டின் சராசரி 97. பாராட்ட வேண்டிய எண்தான். ஆனால் மாநிலச் சராசரியில் ஜவ்வாது மலையும் காட்பாடியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

அப்படியானால் மலைக் கிராமங்களுக்குத் தனி விகிதம் போடலாமே? போட முடியாது என்பதுதான் சிக்கல். 3,000 பேர் உள்ள ஒரு மலை ஊராட்சியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 42 குழந்தைகள் பிறக்கும். மாநில விகிதமே அங்கும் இருந்தால் 44 ஆண்டுகளுக்கு ஒரு தாய் இறப்பார். ஏதோ ஓர் ஆண்டில் அந்த ஒரு மரணம் நேர்ந்தால் அவ்வாண்டின் விகிதம் லட்சத்துக்கு 2,381 என்று வரும். அடுத்த ஆண்டு பூஜ்யம். இரண்டு எண்களும் எதையும் சொல்லவில்லை. மிகவும் ஒதுக்கப்பட்டவர்கள் சிறு சிறு குழுக்களாகத்தான் வாழ்கிறார்கள் என்பதால், அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி புள்ளியியலின் கண்ணில் படாமல் நழுவிவிடுகிறது.

இதற்கு வழி டொனபேடியனின் நடு அடுக்குக்குப் போவது. மரணத்தை எண்ணாமல், மரணத்துக்கு முன் நடக்க வேண்டியவற்றை எண்ணுவது. 42 தாய்மார்களில் எத்தனை பேருக்கு நான்கு முறையாவது பரிசோதனை நடந்தது? எத்தனை பேர் வலி எடுப்பதற்கு முன்பே அடிவாரத்திலுள்ள பிரசவ காத்திருப்பு அறைக்கு வந்து தங்கினார்கள்? ஒவ்வோர் ஆண்டும் 42 பதில்கள் கிடைக்கும், ஒப்பிட முடியும். மரணம் நேர்ந்துவிட்டால் அதை விகிதமாக்காமல், முழுக்கதையாக விசாரிக்க வேண்டும். முடிவெடுக்கத் தாமதமா, போய்ச்சேரத் தாமதமா, போன இடத்தில் சிகிச்சை தொடங்கத் தாமதமா என்ற மூன்று கேள்விகளை 1994-லிருந்து உலகமெங்கும் கேட்கிறார்கள். மூன்றில் எது என்று தெரிந்தால்தான் பணத்தைச் சாலைக்குச் செலவழிப்பதா, ரத்த வங்கிக்கா என்பது தெரியும்.

சமநீதி என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பது என்று நினைத்துவிடுகிறோம். தேவை ஒன்றாக இருந்தால் சேவையும் ஒன்றாக இருக்க வேண்டும், தேவை கூடுதலாக இருந்தால் சேவையும் கூடுதலாக இருக்க வேண்டும். காட்பாடித் தாய்க்குக் காத்திருப்பு அறை வேண்டாம். மலையில் இருப்பவருக்கு அதுதான் உயிர். குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்கும் பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலைக்குப் போகிறவருக்கும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வெளிநோயாளர் வரிசையில் நிற்பது ஒரு செலவு. சீட்டு இலவசம் என்பதால் அது இலவசமாகிவிடாது.

சேவை சென்றடைந்ததா, பலன் சென்றடைந்ததா?

2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9% பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3% மட்டுமே. மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டுபோவதன் நியாயம் அந்த 7.3-க்குள் இருக்கிறது. அந்தத் திட்டத்தையும் எத்தனை வீடுகளுக்குப் போனார்கள் என்ற எண்ணை வைத்து மதிப்பிடக் கூடாது. எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்பதே கேள்வி.

இந்த வேறுபாட்டை வேலூர் முன்பே கற்றுத்தந்திருக்கிறது. வைராலஜி நிபுணர் டி. ஜேக்கப் ஜான் சி.எம்.சி.யில் இருந்தபோது, போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்தும் இங்குள்ள குழந்தைகள் பலருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகவில்லை என்று காட்டினார். மேலை நாடுகளில் போதுமானதாக இருந்த மூன்று தவணை இங்கே போதவில்லை. அட்டையில் மூன்று கட்டமும் நிரம்பியிருந்தது, குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை. கூடுதல் தவணைகள் வேண்டும் என்ற வாதம் அந்த அளவீட்டிலிருந்து எழுந்தது. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார்.

காசநோயிலும் இதே கதை. 2013-ல் இந்தியாவில் அரசுத் துறை பொறுப்பேற்க வேண்டிய காசநோயாளிகளைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து கணக்கிட்டார்கள். பரிசோதனைக்கு வந்தவர், நோய் கண்டறியப்பட்டவர், மருந்து தொடங்கியவர், முடித்தவர், முடித்தபின் ஓராண்டு நோய் திரும்பாமல் வாழ்ந்தவர் என்று ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்ந்து, கடைசிப் படியை எட்டியவர்கள் 39% தான். மருந்து முடித்தவர்களை மட்டும் வைத்து எழுதும் அறிக்கையில் முன்னமே உதிர்ந்தவர்களுக்கு இடமில்லை.

இப்படி ஒரு வாழ்க்கையைத் தேர்ந்தெடுப்பவர் என்ன செய்கிறார்?

1. முதலில் மருத்துவராக இருக்கிறார். சில ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்த பிறகு ஒரு கேள்வி தொந்தரவு செய்யத் தொடங்கும்: ஒரே நோய், ஒரே மருந்து, ஏன் இவர் பிழைத்தார், அவர் பிழைக்கவில்லை? வார்டுக்குள் விடை கிடைக்காது. கொள்ளைநோயியலும் (நோய்கள் மக்களிடையே யாருக்கு, ஏன் வருகின்றன என்று ஆராயும் படிப்பு) புள்ளியியலும் படிக்கப் போகிறார்.

2. ஓர் ஊரைப் பிடித்துக்கொள்கிறார். இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று வேல்ஸ் நாட்டு ஜூலியன் டியூடர் ஹார்ட். சுரங்கத் தொழிலாளர்களின் சிற்றூர் ஒன்றில் குடும்ப மருத்துவராக இருந்த அவர், நல்ல மருத்துவம் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. கேட்டு வந்தவர், வராதவர் என்று பாராமல் ஊரில் எல்லாருக்கும் ரத்த அழுத்தம் அளந்து, தன் சிகிச்சையைத் தானே தணிக்கை செய்தபடி 25 ஆண்டுகள் இருந்தார். முடிவில், அக்கம்பக்கத்தில் அதேபோன்ற ஓர் ஊரோடு ஒப்பிட்டபோது, அவர் ஊரில் அகால மரணம் 28% குறைவு. கணியம்பாடியிலும் இதே மனப்பாங்கைத்தான் பார்க்கிறோம். கே.வி. குப்பம் ஒன்றியத்தில் 1977-ல் தொடங்கிய சி.எம்.சி.யின் ருஷா ஊரகப் பணி அமைப்பிலும் அப்படியே.

3. தகவல் இல்லாத இடத்தில் தகவலை உண்டாக்குகிறார். ஜேக்கப் ஜானும் அவர் குழுவினரும் வட ஆற்காடு மாவட்டத்தில் அரசு, தனியார் மருத்துவர்கள் இரு தரப்பையும் ஒரே வலையில் சேர்த்தார்கள். குறிப்பிட்ட நோய்களைக் கண்டால் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போட வேண்டும், அவ்வளவுதான். வந்த தகவல்களைத் தொகுத்து மாதந்தோறும் மருத்துவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். 'நதி' என்று அழைக்கப்பட்ட அந்த ஏற்பாட்டைப் பற்றி 1998-ல் லான்செட்டில் எழுதினார்கள். அட்டை எழுதுபவருக்குத் தன் அட்டை என்ன ஆனது என்று தெரிந்ததுதான் அது நிலைத்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன். இன்று பலவிதச் செயலிகளில் பதிவேற்றும் கிராமச் செவிலியருக்கு அந்தப் பதில் வருவதில்லை.

   சில சமயம் தகவலைப் பெற வேறு உத்தி வேண்டும். வேலூரில் சமுதாய மருத்துவம் பயின்ற மதுகர் பாய் உள்ளிட்ட குழு, டெல்லியில் பயிற்சி பெற்ற ஆட்களை இருமல் நோயாளிகளாக மருத்துவர்களிடம் அனுப்பியது. 2015-ல் வெளியான முடிவு: 250 சந்திப்புகளில் காசநோய்க்குச் சரியான வழியில் கவனித்தது 21% மட்டுமே. பதிவேட்டில் எழுதியதும் நடந்ததும் ஒன்றா என்ற பழைய சந்தேகத்துக்கு இது ஒரு விடை.

4. கண்டதைச் சொல்லி, விலையும் கொடுக்கிறார். பாஸ்டனின் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் ஓராண்டு கழித்துத் தேடிப்பிடித்து என்ன ஆனார் என்று பதிவு செய்ய வேண்டும், அதை மக்களுக்கு வெளியிட வேண்டும் என்றார். அவருடைய மருத்துவமனை சம்மதிக்கவில்லை. 1914-ல் விலகினார். தான் சொந்தமாக நடத்திய ஒரு சிறு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 337 பேரில் 123 தவறுகள் நேர்ந்தன என்று தன் குறைகளைத் தானே அச்சிட்டார். சக மருத்துவர்கள் ஒதுக்கினார்கள். 1940-ல் இறந்தவரின் கல்லறைக்குப் பெயர்க்கல் வந்தது 2014-ல். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இன்று தரச்சான்று தரும் அமைப்பின் வேர் அவர் தொடங்கிவைத்த முயற்சியில் இருக்கிறது.

அளந்த பிறகு

2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் ஆணையம் ஒரு கணக்கு வெளியிட்டது. ஏழை, நடுத்தர நாடுகளில் நல்ல மருத்துவம் இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் ஆண்டுக்கு 86 லட்சம். அவற்றில் 36 லட்சம் பேர் மருத்துவத்தை அணுகாதவர்கள். மீதி 50 லட்சம் பேர் மருத்துவமனைக்குப் போயும் தரமான சிகிச்சை கிடைக்காமல் இறந்தவர்கள். மருத்துவமனை கட்டுவதும் காப்பீட்டு அட்டை கொடுப்பதும் முதல் கூட்டத்துக்கு உதவும். இரண்டாவது, பெரிய கூட்டத்துக்கு வேறு வேலை தேவைப்படுகிறது. உள்ளே நடப்பதை அளந்து, திருத்தி, மறுபடி அளப்பது.

அப்படியானால் ஒரு மருத்துவமனையின் சாதனை எண் செய்தியில் வரும்போது வாசகர் கேட்டுப் பார்க்க வேண்டியவை:

1. எத்தனை பேரில்? வராதவர்கள் சேர்த்தியா?
2. எந்த நாள் வரை பின்தொடர்ந்தார்கள்? வீட்டுக்கு அழைத்துப்போனவர் என்ன ஆனார்?
3. வந்தவர்களின் நோய்க் கடுமை கணக்கில் வந்ததா?
4. ஆண், பெண், சாதி, வருமானம், தூரம் என்று பிரித்துக் காட்டினார்களா, சராசரியோடு நிறுத்தினார்களா?

வேலூருக்கென்றே ஒரு பெரிய அளவீட்டு வேலை காத்திருக்கிறது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று ஆயிரக்கணக்கானோர் காட்பாடி சந்திப்பில் இறங்கி, மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வாரக்கணக்கில் அறையெடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். கணியம்பாடி முறை இவர்களுக்குப் பொருந்தாது, வீடு 2,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 30 நாள் கழித்து என்ன ஆனார் என்று தெரிய வேண்டுமானால் தொலைபேசியில், அவர்கள் மொழியில், கேட்க வேண்டும். உயிரோடு இருக்கிறாரா, எழுதிக்கொடுத்த மருந்து உள்ளூரில் கிடைக்கிறதா, இந்த வைத்தியத்துக்காக எதை விற்றார்கள் என்று மூன்று கேள்விகள் போதும். மூன்றாவதை மட்டும் மருத்துவமனை ஊழியர் கேட்காமல், வெளியிலிருந்து ஒரு சமூகப் பணியாளர் கேட்பது நல்லது. வைத்தியம் பார்த்த இடத்திலிருந்து அழைப்பு வந்தால் கடனைப் பற்றி உள்ளபடி சொல்லக் குடும்பங்கள் தயங்கும்.